புயல் மாதங்களில் யாழ்ப்பாணத்து வார வானிலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: "இந்தக் கிழமை மழை எப்படி?" கோண்டாவிலில் எங்கள் வீட்டு முற்றத்தில் மழையை அளந்து, வளிமண்டலவியல் திணைக்களம் சொல்வதையும் சேர்த்துப் பார்த்து, ஞாயிறு மாலையில் ஊராருக்கு வார நிலவரம் எழுதி அனுப்புவது என் வழக்கம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். நான் வானிலை படித்தவன் அல்ல. எச்சரிக்கை விடுவது திணைக்களத்தின் வேலை. அவர்கள் சொல்வது எங்கள் ஒழுங்கைக்கு என்ன அர்த்தம் என்று பார்ப்பது மட்டும்தான் என் வேலை.

எங்களுக்குப் புயல் காலம் எந்த மாதங்கள்?

வங்காள விரிகுடாவில் வருடத்துக்கு இரண்டு பருவங்களில் புயல் உருவாகும். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று, ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றது. முதல் பருவத்தில் வருபவை பெரும்பாலும் ஒடிசா, பங்களாதேஷ், மியன்மார் பக்கம் ஏறிவிடும். இரண்டாவதுதான் எங்களுக்கு உரியது. அதிலும் நவம்பர் நடுப்பகுதியில் இருந்து டிசம்பர் கடைசி வரை கூடுதல் கவனம் வேண்டும். 1978 இல் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி வந்தது நவம்பர் 23 அன்று. 1964 இல் தனுஷ்கோடியை அழித்த புயல் டிசம்பர் 22 அன்று வவுனியா வழியாகத்தான் போனது. 2000 ஆம் ஆண்டில் திருகோணமலைப் பக்கம் ஒன்று ஏறியது நத்தாருக்கு அடுத்த நாள். ஆகவே மார்கழி பிறந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வருடத்தில் எங்களுக்குக் கிடைக்கும் மழை ஏறக்குறைய 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர். அதில் மூன்றில் இரண்டு பங்கு இந்த மூன்று மாதங்களில்தான் விழுகிறது. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத ஊர் இது. ஆவணியில் கிணற்றில் கிடைக்கிற தண்ணீர் கார்த்திகையில் விழுந்த தண்ணீர். அதனால் வார நிலவரம் எழுதும்போது "மழை ஆபத்து" என்று எனக்கு எழுத வராது. எவ்வளவு மழை, எத்தனை மணி நேரத்தில் என்பதுதான் ஆபத்து.

ஹரிக்கேன், சைக்கிளோன், தாழமுக்கம்: இதெல்லாம் வேறு வேறா?

அமெரிக்கப் பக்கத்துக் கடலில் ஹரிக்கேன், சீனா யப்பான் பக்கத்தில் டைபூன், எங்கள் கடலில் சைக்கிளோன். மூன்றும் ஒரே சாதிதான், ஊருக்கு ஒரு பெயர். கனடாவில் இருந்து மாமியோ சித்தப்பாவோ "ஹரிக்கேன் வருகுதாமே?" என்று கேட்டால் அவர்கள் கேட்பது எங்கள் புயலைத்தான்.

தாழமுக்கம் என்பது அதன் முந்திய படி. எங்கள் கடலில் சுழற்சியின் காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீற்றர் வரை இருந்தால் தாழமுக்கம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழமுக்கம், 62 ஐத் தொட்டால் புயல். அப்போதுதான் பெயர் வைப்பார்கள். இந்தக் கடல்களைச் சுற்றியுள்ள 13 நாடுகள் கொடுத்த பட்டியலில் இருந்து வரிசைப்படி பெயர் எடுக்கப்படுகிறது. 2018 இல் வேதாரணியம் பக்கம் அடித்த 'கஜா' இலங்கை கொடுத்த பெயர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் படிகள் எல்லாம் காற்றின் வேகத்துக்கு உரியவை. மழையின் அளவுக்கும் பெயருக்கும் தொடர்பே இல்லை. பெயர் வைக்காத தாழமுக்கம் ஒன்று இரண்டு நாள் நகராமல் நின்றால், பெயர் வைத்துவிட்டு வேகமாக ஓடிப் போகும் புயலைவிடக் கூடுதலாக வெள்ளம் தரும். "இன்னும் பெயர் வைக்கவில்லையே" என்று ஆறுதல் அடைய ஒன்றும் இல்லை.

புயல் இந்தியாவுக்குத்தானே போகிறது, எங்களுக்கென்ன?

எனக்கு வரும் கேள்விகளில் அதிகமாக வருவது இது. என்னை அதிகமாகக் கவலைப்பட வைப்பதும் இதுதான்.

காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினம் 60 கடல் மைல், அதாவது 111 கிலோமீற்றர். ஒரு புயலின் மழைமேகம் பல நூறு கிலோமீற்றர் அகலத்துக்குப் பரந்து கிடக்கும். தொலைக்காட்சியில் காட்டும் கோடு அதன் நடுப்புள்ளி போகும் வழி மட்டுமே. நடுப்புள்ளி தமிழ்நாட்டில் கரை ஏறினாலும் மேகத்தின் ஒரு பக்கம் எங்கள் தலைக்கு மேல்தான் இருக்கும்.

பழைய கதைகளைப் பாருங்கள். 'நிஷா' காரைக்கால் பக்கம் கரை ஏறியது 2008 நவம்பர் 27. அதற்கு முன்பே யாழ்ப்பாணம் வெள்ளத்தில் நின்றது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை போரால் மூடியிருந்த காலம் அது, இடம்பெயர்ந்த சனத்துக்குச் சாமான் கொண்டுவருவதே பெரும்பாடு. 'புரெவி' 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கியது. பிறகு மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றது. மழை எங்களுக்கு. 'ஃபெங்கால்' புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியது 2024 நவம்பர் 30. ஆனால் வெள்ளத்தால் இங்கே உயர்தரப் பரீட்சையை நவம்பர் 27 அன்றே இடைநிறுத்த வேண்டி வந்தது.

2022 டிசம்பரில் வந்த 'மாண்டஸ்' இன்னும் வேறு மாதிரி. அது போய் ஏறியது மாமல்லபுரத்துக்கு அருகில். எங்கள் பக்கம் பெரிய வெள்ளமும் இல்லை. ஆனால் வடக்கில் இருந்து இழுத்த குளிர்காற்றிலும் தூறலிலும் வடக்கு, கிழக்கில் நூற்றுக்கணக்கான மாடுகள் மேய்ச்சல் தரையிலேயே விறைத்துச் செத்தன. காற்றில் தூசி நிறைந்து பள்ளிக்கூடங்களையும் மூடினார்கள். "புயல் சென்னைக்குப் போகுது" என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

புரெவி நாட்களில் எங்கள் கிணற்றைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வழக்கமாகக் கயிறு முழுவதையும் விட்டால்தான் வாளி தண்ணீரைத் தொடும். அன்று கட்டுக்கும் தண்ணீருக்கும் ஒரு முழம் இடைவெளிதான். அம்மா கயிறில்லாமல், குனிந்து கையாலேயே வாளியைத் தோய்த்து எடுத்தார். அந்தப் புயலின் நடுப்புள்ளி எங்கள் ஊருக்கு வரவே இல்லை.

ஆகவே வார நிலவரத்தில் "எங்கே கரை ஏறும்?" என்ற வரியைக் கடைசியாகப் படியுங்கள். வடமாகாணத்துக்கு எத்தனை மில்லிமீற்றர், எந்த நாளில், காற்று எந்தப் பக்கம் என்பவற்றை முதலில் படியுங்கள்.

ஏழு நாள் முன்னறிவிப்பில் எத்தனை நாளை நம்பலாம்?

முதல் இரண்டு நாட்களை நம்பி வேலை செய்யலாம். மூன்றாம், நான்காம் நாட்களை வைத்து ஆயத்தம் செய்யலாம். ஐந்தில் இருந்து ஏழு வரை "கடலில் ஏதோ உருவாகக்கூடும்" என்ற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் எளியது. சுழற்சி உருவாக முதலே அது எங்கே உருவாகும் என்று கணினி மாதிரிகள் கணிக்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய மாதிரி ஒன்று சொல்லும், அமெரிக்க மாதிரி இன்னொன்று சொல்லும். இரண்டும் ஒரே பக்கம் சாயும்போது நான் நம்பத் தொடங்குவேன். பாதை நூறு கிலோமீற்றர் விலகினால் சென்னைக்காரருக்கு அது பெரிய மாற்றமாக இராது. எங்களுக்கோ அது பருத்தித்துறைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை நான் அனுப்பியதைப் புதன்கிழமை எடுத்துப் படிக்காதீர்கள். புயல் காலத்தில் நிலவரம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மழை தொடங்கிய பிறகு நான் பார்ப்பது காரைக்கால் ராடர் படத்தை. இந்திய வானிலைத் துறையின் ராடர் அது, எங்கள் குடாநாடும் அதற்குள் தெரியும். அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

போனில் "80 வீதம் மழை" என்று காட்டுகிறது. அப்படியென்றால் நாள் முழுக்கப் பெய்யுமா?

இல்லை. மழை பெய்யும் வாய்ப்பு எவ்வளவு என்றுதான் அது சொல்கிறது. எவ்வளவு நேரம், எவ்வளவு தண்ணீர் என்று சொல்லவில்லை. பத்து நிமிடத் தூறலும் 80 வீதமாக வரலாம். கார்த்திகையில் எங்கள் ஊரில் அந்த எண் அநேகமாக எந்த நாளும் உயரத்தில்தான் நிற்கும். மில்லிமீற்றர் எத்தனை என்ற வரியைத் தேடிப் பாருங்கள்.

100 மில்லிமீற்றர் மழை என்றால் எவ்வளவு தண்ணீர்?

ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் தண்ணீர். எங்கள் கணக்குக்கு மாற்றிப் பார்ப்போம். 16 பரப்பு ஒரு ஏக்கர். ஆகவே ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர். நூறு மில்லிமீற்றர் பெய்தால் ஒரு பரப்பில் மட்டும் 25,300 லீற்றர். வீட்டுக் கூரையில் வைத்திருக்கிற 1,000 லீற்றர் தாங்கிகள் இருபத்தைந்தை உங்கள் முற்றத்தில் ஊற்றியது போல. இரண்டு பரப்பு வளவு என்றால் ஐம்பது தாங்கி.

இது மூன்று நாளில் பிரிந்து விழுந்தால் மண் குடித்துவிடும், கிணறு நிறையும், எல்லோருக்கும் சந்தோசம். நான்கு மணி நேரத்தில் விழுந்தால் ஒழுங்கை வாய்க்காலாகும். திணைக்களத்தின் அறிக்கையில் 100 மில்லிமீற்றரை அண்டிய மழை "பலத்த மழை", 150 ஐத் தாண்டினால் "மிகப் பலத்த மழை". இந்தக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. "நேற்று" என்று அவர்கள் சொல்வதும் நாங்கள் நினைக்கும் நேற்றும் சில வேளை ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம்.

சுண்ணாம்புக்கல் தரைதானே, தண்ணீர் கீழே போய்விடாதா? ஏன் வெள்ளம் நிற்கிறது?

போகும், வழி விட்டால். வலிகாமத்தின் சிவப்பு மண்ணும் அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லும் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். ஆனால் தொடர்மழையில் நிலத்தடி நீர் மேலே ஏறி வந்துவிட்டால் பிறகு உறிஞ்ச இடமில்லை. அடைமழையின் முதல் நாளில் தாங்கிய ஒழுங்கை மூன்றாம் நாளில் அரைவாசி மழைக்கே நிறைவது அதனால்தான். வார நிலவரத்தில் போன கிழமை பெய்த மழையையும் நான் சேர்த்து எழுதுவதன் காரணம் இது.

மற்றது எங்கள் கை வேலை. முன்பு வீட்டு முற்றம் மணல். இப்போது மதிலில் இருந்து மதில் வரை சீமெந்துக் கல். குளங்கள் பல குப்பையால் மூடப்பட்டு, வெள்ளவாய்க்கால்களுக்கு மேலே கடைப் படிகள் வந்துவிட்டன. தெல்லிப்பழைப் பக்கத்தில் இருந்து அராலிக்கு ஓடும் வழுக்கை ஆறு மாரியில் மட்டும் ஓடும் ஆறு. கோடையில் வறண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு அதன் வழியில் மதில் எழுப்புபவர்களைக் காண எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

நாவாந்துறை, பொம்மைவெளி, காக்கைதீவு போன்ற இடங்கள் கடல் மட்டத்தோடு கிடப்பவை. காற்று கடல்நீரைக் கரைக்குத் தள்ளினால் வாய்க்கால் தண்ணீர் வெளியே போகாமல் திரும்பி வரும். அங்கே இருப்பவர்கள் மழை அளவோடு காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காற்றை வைத்துப் புயல் எங்கே நிற்கிறது என்று அறிய முடியுமா?

முடியும், கரண்டும் போனும் இல்லாத நேரத்திலும். வெளியான இடத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் இடது கைப் பக்கம் தாழமுக்கத்தின் நடு இருக்கிறது. பூமியின் வடபாதியில் சுழற்சி கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றுவதால் இது எப்போதும் பொருந்தும்.

வாடைக்காற்று, அதாவது வடக்கில் இருந்து அடித்தால் புயல் எங்களுக்குக் கிழக்கே கடலில். கிழக்கில் இருந்து அடித்தால் அது எங்களுக்குத் தெற்கே, வன்னிப் பக்கம். தெற்கில் இருந்து அடிக்கத் தொடங்கினால் அது எங்களைத் தாண்டி மேற்கே போய்விட்டது. இடையிலே காற்று முற்றாக நின்று வானமும் கொஞ்சம் வெளித்தால் மட்டும் வெளியே வராதீர்கள். அது புயலின் கண்ணாக, அதாவது காற்று அடங்கிய நடுப்பகுதியாக இருக்கலாம். அப்படியானால் அடுத்த காற்று எதிர்ப்பக்கத்தில் இருந்து வரும்.

செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கை என்றால்?

செம்மஞ்சள் என்றால் ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் இப்போதே செய்யுங்கள். சிவப்பு வரும்வரை காத்திருந்து சாமான் கட்டுபவர்கள் மழையில்தான் கட்டுவார்கள். உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்சுக்கு 1990. உங்கள் கிராம அலுவலரின் இலக்கத்தை ஒரு தாளிலும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

கடலுக்குப் போகலாமா? நெடுந்தீவுக்குப் படகு ஓடுமா?

கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்த பிறகு இந்தக் கேள்விக்கு இடமில்லை. மழையே இல்லாமல் வெயில் எறித்துக்கொண்டிருந்தாலும் போகக்கூடாது. தூரத்தில் நிற்கும் சுழற்சியின் அலை மழைக்கு முதலே வந்துவிடும். பாக்குநீரிணை ஆழம் குறைந்த கடல், காற்று எழுந்தால் அலை கிட்டக் கிட்டவாக, கூர்மையாக எழும். 1964 இல் தனுஷ்கோடியில் கடல் ஊருக்குள் வந்து ரயிலையே இழுத்துப் போனதும் இந்தப் பக்கத்துக் கடல்தான்.

கரையில் உள்ள படகை மேலே ஏற்றி, இயந்திரத்தைக் கழற்றி, வலையை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். படகு கட்டிய கயிறு ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும்.

குறிகட்டுவானில் இருந்து போகும் தீவுப் படகுகளை காற்று எழுந்தால் நிறுத்துவார்கள். நெடுந்தீவில் இருப்பவர்கள் மருந்து, பால்மா, அரிசி ஆகியவற்றை ஒரு கிழமைக்குப் போதுமாக முன்கூட்டி வாங்கி வையுங்கள். கர்ப்பிணிகளையும் கிளினிக் போகும் நோயாளரையும் செம்மஞ்சள் கட்டத்திலேயே இக்கரைக்குக் கூட்டிவந்து உறவினர் வீட்டில் விடுவது நல்லது.

தோட்டக்காரர் இந்த நிலவரத்தில் என்ன பார்க்க வேண்டும்?

பசளை போடும் நாளை. மறுநாள் 100 மில்லிமீற்றர் வருமென்றால் இன்று யூரியா போடாதீர்கள். அது பயிருக்குப் போகாது, கிணற்றுக்குப் போகும். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பது நீண்ட நாளாகத் தெரிந்த விசயம், அந்தத் தண்ணீரைக் குடிப்பது எங்கள் பிள்ளைகள்.

நீர்வேலிப் பக்கம் வாழை வைத்திருப்பவர்கள் குலை தள்ளிய மரத்துக்கு முட்டுக் கொடுத்துவிடுங்கள். வெட்டும் பருவத்துக்குக் கிட்ட வந்த குலையைக் காற்றுக்கு முதல் வெட்டுவதே இலாபம். வெங்காயம், கிழங்கு நடுகிறவர்கள் பாத்தியில் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டிவிட்டு நடுங்கள்.

மாடு, ஆடு வைத்திருப்பவர்கள் மாண்டஸை மறக்கக்கூடாது. வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து வருமென்று கண்டால் கொட்டிலின் வடக்குப் பக்கத்தைச் சாக்காலோ கிடுகாலோ மறையுங்கள். நிலத்தில் வைக்கோலைப் பரப்புங்கள். மேய்ச்சலுக்கு விடாமல் இரண்டு நாள் கட்டிப்போட்டுத் தீனி கொடுங்கள். நனைந்த கன்றைச் சாக்கால் துடைத்துவிடுங்கள். குளிர் முதலில் எடுப்பது கன்றைத்தான்.

வீட்டில் என்ன ஆயத்தம் செய்வது?

முதலில் முருங்கையைப் பாருங்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் காற்றுக்கு முதலில் முறிவது அதுதான், முறிந்து விழுவதும் கரண்ட் கம்பியில் அல்லது தகரக் கூரையில். கொப்பை வெட்டிவிட்டால் மாசியில் திரும்பத் தளைத்துவிடும். தென்னையில் தொங்கும் காய்ந்த மட்டையையும் தேங்காயையும் பிடுங்கிவிடுங்கள். தகரத்தின் ஆணிகளைத் தட்டிப் பாருங்கள்.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி உயரத்தில் வையுங்கள். மோட்டார் இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை என்பதால் கரண்ட் போக முதல் தாங்கியை நிரப்புங்கள். போனை ஏற்றி வையுங்கள். காய்ந்த விறகு கொஞ்சம் உள்ளே இருக்கட்டும்.

வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?

கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். நிலத்தடி நீர் மேலே ஏறியபோது மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே தண்ணீரில்தான் நின்றிருக்கின்றன. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் போடுவியுங்கள். நிலம் முழுக்க ஊறி நிற்கும்போது கிணற்றை ஒரேயடியாக இறைத்து வெறுமையாக்காதீர்கள், கட்டு உள்ளே சரியக்கூடும்.

2024 டிசம்பரில் வெள்ளம் வடிந்த பிறகுதான் எலிக்காய்ச்சல் இங்கே உயிர்களை எடுத்தது. வெள்ளத்தில் அல்லது வயல் சேற்றில் நின்றவருக்குக் காய்ச்சலும் தசை நோவும் வந்தால் பனடோல் போட்டு இரண்டு நாள் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயலில் இறங்குபவர்கள் முன்கூட்டியே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை கேட்டு எடுக்கலாம். நாகமும் விரியனும் மேட்டைத் தேடி வீட்டுக்குள் வரும் நாட்களும் இவைதான். இரவில் ரோர்ச் இல்லாமல் குசினிப் பக்கம் போகாதீர்கள்.

நாங்களும் வீட்டில் மழையை அளக்கலாமா?

கட்டாயம் அளவுங்கள். பக்கம் நேராக உள்ள பால்மாப் பேணி ஒன்று போதும். மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, வெளியான இடத்தில், காற்றுக்குச் சாயாதபடி இரண்டு செங்கல்லுக்கு நடுவே வையுங்கள். காலை 8.30க்குப் பிள்ளையின் அடிமட்டத்தை உள்ளே நட்டுப் பாருங்கள். தண்ணீரின் உயரம் எத்தனை மில்லிமீற்றரோ அதுதான் மழை. பேணியின் வாய் பெரிதா சிறிதா என்பது கணக்கில் இல்லை, பக்கம் நேராக இருந்தால் சரி. எழுதிவிட்டுத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.

திருநெல்வேலியில் அளந்த மழையும் சாவகச்சேரியில் விழுந்த மழையும் ஒரே நாளில் பாதிக்குப் பாதி வித்தியாசப்படுவதுண்டு. தென்மராட்சியில் இருந்தும் வடமராட்சியில் இருந்தும் தீவகத்தில் இருந்தும் யாராவது காலையில் ஒரு எண்ணை அனுப்பினால், ஞாயிறு மாலையில் நான் எழுதுவது கோண்டாவிலின் வானிலையாக நின்றுவிடாது. ஊரின் பெயர், திகதி, மில்லிமீற்றர், காற்று எந்தப் பக்கம்: இவ்வளவும் போதும்.